பெற்றோர் பங்களிப்பு

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம்.
அதில் ஓர் எண்:
பதினெட்டாயிரத்து நானூறு டாலர்.
வருடாவருடம் அப்பா எனக்குத் தர முடியும் என்று
கணக்குப் பார்த்தவர்கள் நம்புவது.

முடியும்தான். அதில் பொய்யில்லை.
டுலூத் துறையில் அவருக்கொரு படகு உண்டு,
குளிர்காலத்தில் அதைப் போர்த்த நீலத் தார்ப்பாய் உண்டு,
"பதினெட்டு வயசுல நான் யார்கிட்டயும் கை நீட்டல"
என்றொரு வாக்கியமும் உண்டு.
இரும்புத்தாதுத் துறையில் ஒரு கோடை உழைத்தால்
ஒரு வருடப் படிப்பு தீர்ந்த காலம் அது.
நானும் கணக்குப் போட்டேன்:
எனக்கு வருடத்துக்கு ஐந்து கோடைகள் வேண்டும்.
இந்த ஊருக்கோ ஒன்றே முழுசாய் வந்ததில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, சரி.
இது அதற்கும் மேலே.
ஏட்டில்தான் சுரைக்காய் இருக்கிறதே,
உனக்கெதற்குச் சோறு என்று
தட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உதவித்தொகை அலுவலகத்தில் மிஸஸ் ஓஸ்ட்பி
விதிகளைச் சொன்னாள்:
இருபத்துநான்கு வயதாகியிருக்க வேண்டும்.
அல்லது ராணுவம்.
அல்லது கையில் குழந்தை.
அல்லது பெற்றவர்கள் செத்திருக்க வேண்டும்.
"இல்லைன்னா கல்யாணம்" என்றாள்,
ஸ்டேப்ளரைப் பார்த்தபடி.

மறுநாள் விடிகாலை மூன்று மணி, பேக்கரி.
ஓட்டிஸ் பெலாஞ்சர் கம்புமாவை
முழங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தான்.
அவனுக்கும் இதே வியாதி, வேறு அப்பா.
கேட்டேன்.
மாவிலிருந்து கையை எடுக்காமலே சொன்னான்:
"செவ்வாய் எனக்கு லேப் இருக்கு.
புதன் ஆகுமா?"

உரிமத்துக்கு நூற்றுப் பதினைந்து.
பன்னிரண்டு மணி நேரம் இல்லற வகுப்பில் உட்கார்ந்தால்
எழுபத்தைந்து தள்ளுபடி.
அதே பன்னிரண்டு மணி நேரத்தில் நாங்கள் இருவரும்
அதைப்போல நாலு மடங்கு ரொட்டி சுட்டுச் சம்பாதிப்போம்.
ஆகவே இல்லறம் பற்றி ஒன்றும் அறியாமலே
நீதிமன்றப் படியேறினோம்.

சாட்சிக்கு இருவர் வேண்டும்.
பேக்கரியிலிருந்து டார்லா வந்திருந்தாள்.
மற்றவர், வண்டி அபராதம் கட்ட வந்த யாரோ ஒரு பெரியவர்,
ரசீதைப் பல்லில் கவ்விக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.
பிறகு எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து
நன்றாயிருங்கள் என்றார். கண் கலங்கியிருந்தது.
அவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

"ஐலா நீமி, பெயரை மாற்றிக்கொள்கிறீர்களா?"
எழுத்தர் கேட்டு முடிப்பதற்குள்
இல்லை என்றேன்.
அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ,
நீமி அப்பாவின் பெயர்.

ராத்திரி படிவத்தைத் திறந்து
மணமானவர் என்ற வட்டத்தைத் தொட்டேன்.
அப்பாவின் பிறந்த தேதி, அப்பாவின் சம்பளம்,
மூன்று வருடம் மன்றாடி வாங்கிய
அந்தக் கோணல் கையெழுத்துக்கான இடம்
எல்லாம் இல்லாமல் போயின.
நான்காம் பக்கத்துக்கு அடுத்து
ஒன்பதாம் பக்கம்.

மணமாகாதவர் என்று தொட்டேன்.
வந்தார்.
மணமானவர்.
போனார்.
வந்தார்.
எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

கைபேசி அதிர்ந்தது. ஓட்டிஸ்:
"பாதி ஐம்பத்தேழரைதான். நீ அறுபது குடுத்துட்ட.
ரெண்டரை டாலருக்கு நாளைக்கு ரொட்டியா எடுத்துக்கிறியா?"
சரி என்று எழுதினேன்.

வெளியே ஏதோ தாதுக் கப்பல்
பாலத்தைத் தூக்கச் சொல்லி நீளமாய் ஊதியது.
இந்நேரம் அப்பா தார்ப்பாயின் நாலு முனையையும்
இழுத்துக் கட்டியிருப்பார்.
முடிச்சுப் போடுவதில் கெட்டிக்காரர்.

வட்டம் எதில் நிற்கிறது என்று
இன்னொரு முறை பார்த்துவிட்டு
அனுப்பினேன்.